யாருமே எடுக்காத கனடா காலுக்கு 2,124 ரூபாய் பில்! அவசரம், உதவுங்கள்

மலைச்சாரல் | செவ்வாய், இரவு 9.12

ஏற்காட்டில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். இந்த மாத போன் பில்லில் கனடாவுக்குப் பேசியதாக 2,124 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது. நான் பேசவே இல்லை. போட்டேன், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை, வைத்துவிட்டேன். எடுக்காத காலுக்கு எப்படிக் காசு போடுவார்கள்? கஸ்டமர் கேரில் கேட்டால் "பேசியிருக்கிறீர்கள் சார்" என்று ஒரே பாட்டு. நாளை மறுநாள் பில் கட்டக் கடைசி நாள். என்ன செய்வது என்று யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு | 9.20

ஒரு விவரமும் இல்லையே. சாதாரண காலா, வாட்ஸப் காலா? முதலில் கூப்பிட்டது நீங்களா, அவர்களா? எத்தனை தடவை? பில்லில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறது?

குகை மாப்பிள்ளை | 9.24

சிம் க்ளோன் ஆகிவிட்டது, அதாவது எவனோ உங்கள் சிம்மை நகல் எடுத்துவிட்டான். சந்தேகமே வேண்டாம். என் மச்சானுக்கும் இப்படித்தான். உடனே *#21# போட்டு கால் ஃபார்வர்டிங் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் ##002# போட்டு எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். போனை ஒரு ரீசெட் அடித்துவிடுவது இன்னும் நல்லது.

பதினெட்டாம் வளைவு | 9.31

மாப்பிள்ளை, அவரே "போட்டேன்" என்கிறார். அவர் போட்ட காலுக்கு க்ளோன் எதற்கு?

குகை மாப்பிள்ளை | 9.33

ஒன்றை அவர் போட்டிருப்பார். மற்றதை எவன் போட்டானோ! *401* கதை தெரியாதா உங்களுக்கு? கொரியர்காரன் மாதிரிப் பேசி அந்த நம்பரை அடிக்கச் சொல்வான். அடித்தால் நம் கால் எல்லாம் அவனுக்குப் போகும்.

ஐந்து ரோடு | 9.37

அது நிஜமாகவே நடந்த மோசடிதான். அதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் அந்த மாதிரி எண்ணை அடித்து, வருகிற காலை வேறு எண்ணுக்குத் திருப்பும் ஃபார்வர்டிங் வசதியையே நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை சொன்னது. அதுவும் அது நமக்கு வரும் காலைத் திருப்பிவிடுகிற வேலை. இவருக்கு ஏறியிருப்பது ஐஎஸ்டி பில். இரண்டும் வேறு. இழை போட்டவர் வந்து பதில் சொல்லட்டும்.

மலைச்சாரல் | 9.58

மன்னிக்கவும், கெஸ்ட் வந்துவிட்டார்கள். போஸ்ட்பெய்ட். சாதாரண கால். டொரண்டோவில் இருக்கிற ஒரு குடும்பம் மே மாதத்துக்கு அறை கேட்டிருந்தது, கூப்பிடுகிறோம் என்று மெயிலில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் ராத்திரி 11.48-க்கு +1-ல் இருந்து ஒரே ஒரு ரிங். எடுப்பதற்குள் கட். ஏற்காட்டில் சிக்னல் அப்படித்தான், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் நானே திருப்பிப் போட்டேன். மூன்று தடவை. மூன்றிலும் மணி மட்டும்தான்.

பதினெட்டாம் வளைவு | 10.03

சிக்னல் விஷயம் சத்தியம். எங்கள் வீட்டில் பின்பக்கம் வாஷிங் மெஷின் மேல் போனை வைத்தால்தான் இரண்டு கோடு. இங்கே ஒரு ரிங்கில் கட்டானால் யாரும் சந்தேகப்பட மாட்டோம், திருப்பித்தான் போடுவோம்.

பழைய எக்ஸ்சேஞ்ச் | 10.15

தம்பி, +1 என்றால் கனடா என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? 31 வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் நான். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் ஐஎஸ்டி வைத்துக்கொள்வது, லைசென்ஸ் இல்லாமல் இருபது வளைவிலும் வண்டி ஓட்டுகிற மாதிரி. +1 ஒரு நாட்டுக்கு உரியது அல்ல. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகள் எல்லாம் அதில் அடக்கம். அடுத்த மூன்று இலக்கம்தான் ஊரைச் சொல்லும். அந்த மூன்று இலக்கம் என்ன?

அல்மாட்டி அக்கா | 10.22

மெக்சிகோ +1 கிடையாது ஐயா, +52. மற்றது சரி.

பழைய எக்ஸ்சேஞ்ச் | 10.29

அம்மா, அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ சிட்டிக்கு 905 போட்டுப் பேசிய காலம் ஒன்று இருந்தது. 1991-ல்தான் அதை எடுத்தார்கள். அதே 905-ஐ 1993-ல் டொரண்டோவைச் சுற்றியுள்ள புறநகருக்குக் கொடுத்தார்கள். நான் சும்மா சொல்லவில்லை.

அல்மாட்டி அக்கா | 10.31

சரி ஐயா. இப்போது +52.

மலைச்சாரல் | 10.40

மூன்று இலக்கமெல்லாம் பார்க்கவில்லை. +1 பார்த்தேன், கனடா என்று திரையிலும் வந்தது. பில்லில் ஐஎஸ்டி 1,800, அதற்கு மேல் வரி.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி | 10.47

1,800-க்கு 18 சதவீதம் 324. கூட்டினால் 2,124, கணக்கு சரியாக இருக்கிறது. நிமிடத்துக்கு நூறு என்றால் 18 நிமிடம். கனடாவுக்கு நிமிடத்துக்கு நூறு ரூபாயா? நான் கொலுசு வியாபாரத்தில் டொரண்டோவுக்கும் பேசுகிறேன், நியூஜெர்சிக்கும் பேசுகிறேன். இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அது கனடாவே இல்லை என்பேன். ஐடமைஸ்டு பில்லைத் திறந்து ஒவ்வொரு காலுக்கும் எவ்வளவு நேரம் என்று போடுங்கள். நம்பரின் கடைசி நாலு இலக்கத்தை மறைத்துவிடுங்கள்.

குகை மாப்பிள்ளை | 10.50

+77, +89, +85, +86, +84 என்று வந்தால் எடுக்கவே கூடாது, எடுத்தால் போன் ஹேக் ஆகும் என்று வாட்ஸப்பில் ஒரு லிஸ்ட் வந்ததே. அதில் +1-ஐயும் சேர்க்க வேண்டியதுதான்.

அல்மாட்டி அக்கா | 11.02

இந்த லிஸ்ட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் தம்பி அல்மாட்டியில் மருத்துவம் படிக்கிறான். அவன் நம்பர் +77 என்றுதான் தொடங்கும். ரஷ்யாவும் கஜகஸ்தானும் ஒரே +7. அதற்கு அடுத்து 6 அல்லது 7 வந்தால் கஜகஸ்தான், ரஷ்ய மொபைல் என்றால் 9. அந்த லிஸ்ட் வந்த அன்று எங்கள் அப்பா, யாரோ சொன்னார்கள் என்று +7 மொத்தத்தையும் பிளாக் பண்ணி வைத்துவிட்டார். பிள்ளை மூன்று நாள் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறான். அங்கே மணி நமக்கு அரை மணி நேரம்தான் பின்னால், தூங்கியிருப்பார்கள் என்றும் நினைக்க முடியாது. அழுதே விட்டான்.

அந்த லிஸ்ட்டில் 89 என்று ஒன்று இருக்கிறதே, 89-ல் தொடங்கும் நாட்டுக் குறியீடே கிடையாது. வந்தால் போலி எண்தான். 86 சீனா, 84 வியட்நாம். 85 மட்டும் தனி நாடு இல்லை: 852 ஹாங்காங், 855 கம்போடியா, 856 லாவோஸ். எடுத்தவுடன் போன் ஹேக் ஆகும் என்பது புருடா. எடுத்த பிறகு என்ன பேசுகிறான், அதை நாம் நம்புகிறோமா என்பதில்தான் ஆபத்து.

பதினெட்டாம் வளைவு | 11.10

எங்கள் பெரியம்மா கன்னியாஸ்திரி, ரோமில் மடத்தில் இருக்கிறார். வாடிகனிலிருந்து கூப்பிட்டாலும் ரோமிலிருந்து கூப்பிட்டாலும் +39 06 என்றுதான் வரும். வாடிகன் என்றால் 06-க்குப் பிறகு 698. தனி நாடு, தனி தபால்தலை, ஆனால் போன் மட்டும் இத்தாலியோடு கூட்டுக் குடித்தனம். வாடிகனுக்கென்று 379-ஐ ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம், பயன்படுத்துவதில்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச் | 11.21

இதெல்லாம் ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆளுக்கொரு தகவல் கொட்டுகிறீர்கள். உலகத்தை ஒன்பது மண்டலமாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். 7 அப்போது சோவியத் யூனியன் முழுவதற்கும். நாடு உடைந்த பிறகு உக்ரைன் 380, உஸ்பெகிஸ்தான் 998 என்று ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள், கஜகஸ்தான் மட்டும் தங்கிவிட்டது. வட அமெரிக்காவில் 1947-லேயே 86 பகுதி எண்களோடு ஒரே திட்டம் போட்டாகிவிட்டது. கரீபியன் தீவுகள் பலவும் ஒரு காலத்தில் 809 என்ற ஒரே எண்ணில் இருந்தன, 1990-களில் ஆளுக்கொரு எண் வாங்கிப் பிரிந்தன. 809 இப்போது டொமினிக்கன் குடியரசுக்கு மட்டும். நாடும் தீவுமாக எண்ணினால் +1-க்குள் 25 தேறும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, மணி எப்படிக் கேட்டது? "டிரிங்-டிரிங்" என்று இரட்டையாகவா, நீளமாக ஒற்றையாகவா?

மலைச்சாரல் | புதன், காலை 6.35

நம்ம ஊர் மாதிரியே இரட்டை மணிதான். ஏன்?

ஐடமைஸ்டு பில்லில்: 6 நிமிடம் 40 விநாடி, 4.12, 5.30.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி | 6.50

ஏழு, ஐந்து, ஆறு. ஆக 18. முழு நிமிடமாக ஏற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆறே முக்கால் நிமிடம் மணி அடித்ததைக் கேட்டுக்கொண்டா இருந்தீர்கள்?!

மலைச்சாரல் | 6.58

ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு நாளைக்கு இட்லிக்கு ஊறப்போட்டதைப் பார்க்கப் போய்விட்டேன். எடுத்தால் சத்தம் கேட்குமே என்றுதான்.

பழைய எக்ஸ்சேஞ்ச் | 7.20

அங்கேதான் கோட்டை விட்டீர்கள். யாரும் எடுக்காத கால் ஆறு நிமிடம் மணி அடிக்காது. நம் நாட்டில் மொபைலுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடி என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் விதித்தது. அதற்குள் எடுக்கவில்லை என்றால் வெட்டிவிடும். வெளிநாட்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஆறு நிமிடம் எங்கேயும் இல்லை. நீங்கள் கேட்டது மணி அல்ல, மணிச் சத்தத்தின் ரெக்கார்டிங். போட்டதுமே அந்தப் பக்கம் இயந்திரம் எடுத்துவிட்டது, மீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. எடுத்த பிறகு உங்கள் காதில் மணிச் சத்தத்தை ஓடவிட்டிருக்கிறான். அமெரிக்கா, கனடா மணி இரண்டு விநாடி நீளம், நாலு விநாடி இடைவெளி, ஒற்றையாக வரும். நீங்கள் கேட்டது இரட்டை. அது டொரண்டோ இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எக்ஸ்சேஞ்சில் காதை வைத்தே எந்த ஊர் என்று சொல்வோம். இப்போது எல்லாம் திரையைப் பார்க்கிற கூட்டம்.

ஐந்து ரோடு | 7.41

ஐயா சொல்வது சரி, கடைசி வரியை விட்டுவிடுங்கள். ஒரு ரிங் கொடுத்து வெட்டுவதற்கு ஜப்பான்காரர்கள் 'வான்கிரி' என்று பெயர் வைத்தார்கள். ஒன்று அடி, வெட்டு என்று அர்த்தம். வெட்டப்பட்ட காலுக்கு அவனுக்குச் செலவு இல்லை, இயந்திரம் ஆயிரக்கணக்கில் போடும். திருப்பிப் போடுகிறவன்தான் காசு கொடுக்கிறவன்.

காசு போகிற வழி இது: நம் கம்பெனி நம்மிடம் வாங்குகிறது, வழியில் இருக்கிற கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது, கடைசியில் அந்த எண்ணை வைத்திருக்கிறவன் வரைக்கும் பங்கு போகிறது. சேர்கிற ஊர் எந்த அளவுக்கு விலை அதிகமோ அந்த அளவுக்கு லாபம். இந்தியாவுக்கு வருகிற வெளிநாட்டுக் காலுக்கு நம் கம்பெனிக்குக் கிடைப்பது 2018 பிப்ரவரியிலிருந்து நிமிடத்துக்கு 30 காசாக இருந்தது, 2020-ல் 35 முதல் 65 காசு என்று ஆக்கினார்கள். அதனால் +91-ஐ வைத்து யாரும் இந்த வியாபாரம் பண்ண மாட்டான். சின்னத் தீவுகளின் கணக்கு வேறு. பல நேரம் அந்தக் கால் தீவு வரைக்கும்கூடப் போவதில்லை, வழியிலேயே ஒரு கம்பெனி பிடித்து வைத்துக்கொண்டு மணிச் சத்தத்தை ஓட்டும். எண் தீவுடையது, சத்தம் எங்கிருந்தோ. அதனால் மணியின் சத்தத்தை வைத்து ஊரைச் சொல்வதும் முழுச் சாட்சி ஆகாது.

பழைய எக்ஸ்சேஞ்ச் | 7.55

நான் டொரண்டோ இல்லை என்றுதான் சொன்னேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. படித்துவிட்டுப் பதில் போடவும்.

பதினெட்டாம் வளைவு | 8.04

மிஸ்டு கால் கொடுத்துக் காசு பார்ப்பது மோசடிக்காரன் மட்டுமா? 2019-ல் நம் கம்பெனிகளே மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்து ஒருவருக்கொருவர் சண்டை போட்டார்களே. அப்போது ஒரு கம்பெனி கால் இன்னொன்றுக்குப் போனால் நிமிடத்துக்கு 6 காசு கொடுக்க வேண்டியிருந்தது. மணி சீக்கிரம் நின்றால் மிஸ்டு கால், அப்புறம் எடுக்காதவன் திருப்பிப் போடுவான், காசு இந்தப் பக்கம் வரும். 30 விநாடி விதியே அந்தச் சண்டையில் பிறந்ததுதான்.

குகை மாப்பிள்ளை | 8.10

மிஸ்டு கால் என்றதும் ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்ததும் எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு ரிங் கொடுத்து வைத்துவிடுவோம். பத்திரமாக வந்தாச்சு என்று அர்த்தம். காசு மிச்சம். 0427-க்குள் லோக்கல் காலுக்கே அந்தக் கஞ்சத்தனம்.

பழைய எக்ஸ்சேஞ்ச் | 8.16

ஏற்காடு 0427 அல்ல. 04281. சேலம்தான் 0427. முப்பது கிலோமீட்டர் தூரமானாலும் எஸ்டிடி கோடு வேறு.

குகை மாப்பிள்ளை | 8.19

லோக்கலாகத்தான் பேசினோம் ஐயா, பூத்காரர் ஒரு ரூபாய்தான் வாங்குவார்.

பழைய எக்ஸ்சேஞ்ச் | 8.22

பூத்காரர் வாங்கியதற்கும் கோடுக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து ஊர் என்றால் கட்டணத்தில் சலுகை உண்டு, கோடு அப்போதும் வேறுதான். ஆத்தூர் 04282, சங்ககிரி 04283. எந்த டைரக்டரியிலும் பாருங்கள்.

அல்மாட்டி அக்கா | 8.30

டைரக்டரி எங்கே இருக்கிறது ஐயா, பரணில் தேட வேண்டும். இழை போட்டவருக்கு நாளை பில் கட்ட வேண்டும். அதைக் கொஞ்சம் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி | 8.44

அதைச் சொல்லத்தான் வந்தேன். போன வருடம் எனக்கும் ஒன்று நடந்தது, தொகை சின்னது. செய்தது இது. முதலில் ஐஎஸ்டியை மூடச் சொன்னேன், கம்பெனி ஆப்பிலேயே முடியும். பிறகு கஸ்டமர் கேரில் "பேசவில்லை" என்று வாதாடவில்லை. அவர்கள் திரையில் பேசியதாகத்தான் காட்டும், ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். "ஒரு ரிங் மிஸ்டு கால் மோசடி, இதோ அந்த நேரத்தில் வந்த மிஸ்டு கால், இதோ சில நிமிடத்தில் நான் போட்டது" என்று கால் லாக்கைப் படம் எடுத்து எழுத்தில் கொடுத்தேன். புகார் எண் வாங்கினேன். அங்கே தீரவில்லை என்றால் ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. புகார் எண் இல்லாமல் அவரிடம் போக முடியாது, அதனால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மீதி பில்லைக் கடைசி நாளுக்குள் கட்டிவிடுங்கள், லைனை வெட்டிவிட்டால் ஹோம்ஸ்டேவுக்குத்தான் நஷ்டம்.

நம்பரை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் பதிந்துவிடுங்கள். அதனால் காசு திரும்பாது, ஆனால் பதிவு இருக்கும்.

ஐந்து ரோடு | 8.52

1930-க்கும் சொல்லலாம், அது பணம் பறிபோனால் கூப்பிடுகிற சைபர் குற்ற எண். மலைச்சாரல், அந்த மூன்று இலக்கத்தை இன்னும் நீங்கள் சொல்லவே இல்லை.

மலைச்சாரல் | பிற்பகல் 1.15

473.

அல்மாட்டி அக்கா | 1.21

பழைய கீபேட் போனில் 4-ல் ஜி, 7-ல் ஆர், 3-ல் இ. கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் ஆங்கிலப் பெயரில் முதல் மூன்று எழுத்து. ஆன்டிகுவா 268-ம் அப்படித்தான், அங்குவிலா 264-ம் அப்படித்தான். பெயர் எழுத்தைப் பார்த்தே எண் வாங்கியிருக்கிறார்கள். டொரண்டோ என்றால் 416, 647, 437 இப்படி வரும்.

ஆனால் திரையில் கனடா என்று வந்தது என்றீர்களே?

மலைச்சாரல் | 1.40

இப்போது லாக்கைத் திறந்து பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிரெனடா என்றுதான் போட்டிருக்கிறது. ராத்திரி, கண்ணாடி போடவில்லை. கனடாவைத்தான் இப்படி ஏதோ ஸ்டைலாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

பதினெட்டாம் வளைவு | 1.43

😂😂 மன்னிக்கவும் அண்ணா. மன்னிக்கவும்.

குகை மாப்பிள்ளை | 1.50

அப்படியானால் க்ளோன் இல்லை. சரி. ஆனாலும் *#21# போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச் | 2.05

கண்ணாடி போடுங்கள் தம்பி. 52 வயதுக்கு மேல் எனக்கும் அப்படித்தான் ஆனது. புகாரில் "கிரெனடா" என்று நாட்டின் பெயரை எழுதுங்கள், "கனடா" என்று எழுதாதீர்கள். கனடா என்று எழுதினால் பில்லோடு பொருந்தாது, அதைக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். "எடுக்கப்படாத அழைப்பு" என்று எழுத வேண்டாம், "போலி மணிச் சத்தம்" என்று எழுதுங்கள். மூன்று காலின் விநாடிக் கணக்கையும் போடுங்கள், அதுதான் உங்கள் பக்கத்துக்குப் பலம்.

மலைச்சாரல் | மறு வாரம் சனி, இரவு 10.05

எழுத்தில் கொடுத்தேன். 900 ரூபாய் குறைத்திருக்கிறார்கள், "இந்த ஒருமுறை மட்டும்" என்றார்கள். மீதிக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறேன். ஐஎஸ்டி மூடியாச்சு. டொரண்டோக்காரர்கள் வாட்ஸப்பில் கூப்பிட்டார்கள். மே 9 முதல் நாலு நாள், இரண்டு அறை. அவர்கள் நம்பர் 647. எல்லோருக்கும் நன்றி, கெஸ்ட் கூப்பிடுகிறார்கள்.

குகை மாப்பிள்ளை | 10.20

அருமை அண்ணா. எங்களுக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா?

பழைய எக்ஸ்சேஞ்ச் | 10.34

பரணில் 1994 டைரக்டரி கிடைத்தது. ஏற்காடு 04281. படம் எடுத்துப் போடத் தெரியவில்லை, பேரன் வந்ததும் போடுகிறேன்.